இடவிளக்கப்படத்தில் மலைநாட்டை வாசித்தல்: நிலத்தோற்றமும் நீரோட்டமும்

புவியியல் வினாத்தாளில் இடவிளக்கப்படம் தொடர்பான வினாவைக் கண்டதும் தயங்கும் மாணவர்கள் பலர். தாள் முழுவதும் கோடுகளாகவே தெரிவதால், எங்கிருந்து தொடங்குவது என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. மலைநாட்டைக் காட்டும் படமாயின் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆனால் உண்மையில் மலைநாட்டுப் படமே மிகத் தெளிவாகப் பேசும் படமாகும். தட்டையான நிலத்தில் சமவுயரக் கோடுகள் அரிதாகவே காணப்படும். மலைநாட்டிலோ ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு சிற்றாறும் அக்கோடுகளில் பதிந்திருக்கும். அவற்றை ஒழுங்குமுறையாக வாசிக்கப் பழகிக்கொண்டால் இவ்வினாவில் முழுப் புள்ளிகளையும் பெறலாம். அத்துடன் நீங்கள் மலையகத்தில் வாழ்பவராயின், இப்பயிற்சி பரீட்சைக்கு அப்பாலும் உங்களுக்கு உதவும். அதனை இக்கட்டுரையின் 7ஆம் பகுதியில் காண்போம்.

1. படத்தைக் கையில் எடுத்தவுடன்

இலங்கையில் இடவிளக்கப்படங்களை வெளியிடுவது 1800ஆம் ஆண்டில் தாபிக்கப்பட்ட நில அளவைத் திணைக்களமாகும். பழைய தொடரான ஓரங்குலப் படத்தின் அளவுத்திட்டம் 1:63,360 ஆகும். அதாவது படத்தில் 1 அங்குலம் நிலத்தில் 1 மைலைக் குறிக்கும். அதன் சமவுயரக்கோட்டு இடைவெளி 100 அடியாகும். அதன் பின் வந்த மெற்றிக் படத்தின் அளவுத்திட்டம் 1:50,000 ஆகும். அதன் சமவுயரக்கோட்டு இடைவெளி 20 மீற்றராகும். நாடு முழுவதும் இத்தகைய 92 தாள்களில் அடங்கும். ஒரு தாள் 40 கிலோமீற்றர் நீளமும் 25 கிலோமீற்றர் அகலமும் கொண்ட நிலப்பரப்பைக் காட்டும்.

எந்த வினாவுக்கும் விடை எழுதுமுன் பின்வரும் நான்கையும் கட்டாயமாகப் பாருங்கள்.

அ. அளவுத்திட்டம். 1:50,000 படத்தில் 2 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ. ஆகும். 1 மி.மீ. என்பது 50 மீற்றராகும்.
ஆ. சமவுயரக்கோட்டு இடைவெளி. அது அடியிலா மீற்றரிலா என்பதையும் பாருங்கள்.
இ. படம் அளவீடு செய்யப்பட்ட அல்லது திருத்தப்பட்ட ஆண்டு.
ஈ. குறியீட்டு விளக்கம். நிறத்தை மாத்திரம் நம்பி ஊகிக்க வேண்டாம்.

மூன்றாவது விடயத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் முடிக்கப்பட்டது. தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012இல் செயற்பாட்டுக்கு வந்தது. இவற்றுக்கு முன் அச்சிடப்பட்ட படத்தில் இன்று நீர் நிற்கும் இடத்தில் ஆறும் வயலும் வீதியும் காணப்படும். அது படத்தின் பிழையன்று. படம் தனது காலத்தைச் சொல்கிறது.

2. சமவுயரக் கோடு சொல்லும் செய்தி

கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரையப்படும் கோடு சமவுயரக் கோடு ஆகும். தேயிலைத் தோட்டத்தில் மண்ணரிப்பைத் தடுக்க மலைச்சரிவுக்குக் குறுக்காக வெட்டப்படும் கான்களை நினைத்துப் பாருங்கள். நீர் வேகமாக ஓடிவிடாதபடி அவை ஏறக்குறைய ஒரே மட்டத்தில், மலையைச் சுற்றி வளைந்து செல்லும். மலை உள்நோக்கிக் குழிந்த இடத்தில் கானும் உள்நோக்கி வளையும். மலை வெளியே துருத்திய இடத்தில் கானும் வெளியே வளையும். சமவுயரக் கோடும் இவ்வாறே செல்கிறது.

கோடுகளின் நெருக்கத்தைக் கொண்டு சாய்வைப் பின்வருமாறு இனங்காணலாம்.

கோடுகள் நெருங்கியிருந்தால்: குத்தான சாய்வு.
கோடுகள் விலகியிருந்தால்: மென்சாய்வு.
சம இடைவெளியில் அமைந்தால்: சீரான சாய்வு.
உச்சியில் நெருங்கியும் அடியில் விலகியும் இருந்தால்: குழிவுச் சாய்வு.
உச்சியில் விலகியும் அடியில் நெருங்கியும் இருந்தால்: குவிவுச் சாய்வு.
பல கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்வதுபோல் தோன்றினால்: ஓங்கல்.

இவற்றுள் குழிவையும் குவிவையும் மாறி எழுதுவதே மாணவர் அதிகம் விடும் பிழையாகும். இதற்கு ஓர் இலகுவான வழி உண்டு. நீங்கள் அடிவாரத்திலிருந்து ஏறுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் இலகுவாகவும் பின்னர் மூச்சு வாங்கவும் நேர்ந்தால் அது குழிவுச் சாய்வு. முதலிலேயே மூச்சு வாங்கிப் பின்னர் இலகுவானால் அது குவிவுச் சாய்வு.

3. பள்ளத்தாக்கா, சுவடா?

மலைநாட்டுப் படத்தில் சமவுயரக் கோடுகள் அடிக்கடி ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் கூராக வளையும். இக்கூர்முனை எத்திசையை நோக்குகிறது என்பதே முக்கியமாகும்.

கூர்முனை உயர்ந்த பெறுமானமுள்ள கோட்டை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. கூர்முனை தாழ்ந்த பெறுமானமுள்ள கோட்டை நோக்கினால் அது சுவடு, அதாவது மலையிலிருந்து தாழ்நிலத்தை நோக்கி நாக்குப்போல் நீண்டு இறங்கும் மேடு. இரண்டு உயர்ந்த உச்சிகளுக்கு இடையே தாழ்ந்து காணப்படும் பகுதி சேணம் ஆகும். அது வீதி அல்லது புகையிரதப் பாதை கடந்துசெல்லக் கூடிய தாழ்வாக இருப்பின் கணவாய் எனப்படும்.

இங்கு வடிவத்தை மாத்திரம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது இரண்டு கோடுகளின் பெறுமானங்களையாவது வாசித்த பின்னரே விடையை எழுதுங்கள். ஒரே வடிவம் எண்கள் மாறும்போது பள்ளத்தாக்காகவும் சுவடாகவும் மாறிவிடும்.

4. நீர் எப்பக்கம் ஓடுகிறது?

படத்தில் நீலக் கோடு ஒன்றைக் காட்டி, “இவ்வாறு பாயும் திசையைக் குறிப்பிடுக” என வினவப்படலாம். அம்புக்குறி தரப்படாதபோது பின்வரும் மூன்று சான்றுகளையும் பயன்படுத்தலாம்.

முதலாவது, ஆறு வெட்டிச்செல்லும் சமவுயரக் கோடுகளின் பெறுமானம். பெறுமானம் குறையும் திசையே ஆறு பாயும் திசையாகும். இரண்டாவது, கோடுகளின் கூர்முனை. ஆற்றை வெட்டும் இடத்தில் கூர்முனை எப்போதும் ஆற்றின் மேற்பகுதியைச் சுட்டும். மூன்றாவது, கிளையாறுகள் சேரும் விதம். கிளையாறும் பிரதான ஆறும் சேரும் இடத்தில் உண்டாகும் கூர்ங்கோணம் பெரும்பாலும் கீழ்நோக்கிய திசையைச் சுட்டும். மூன்றும் ஒத்துவந்தால் உங்கள் விடை உறுதியானது.

அடுத்து, நீர்பிரி மேடு. இரண்டு வடிகால்களைப் பிரிக்கும் உயர்ந்த நிலமே நீர்பிரி மேடாகும். படத்தில் இதனை வரையும்போது உச்சிகளையும் சேணங்களையும் இணைத்துச் செல்லுங்கள். நீங்கள் வரையும் கோடு எந்த நீலக் கோட்டையும் வெட்டக்கூடாது. வெட்டினால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது.

மத்திய மலைநாட்டிலிருந்து இதற்குச் சிறந்த உதாரணங்கள் கிடைக்கின்றன. இங்குள்ள உயர்ந்த மலைத்தொடர் நங்கூர வடிவினது எனப் படித்திருப்பீர்கள். அதன் தண்டு பீதுருதலாகலையிலிருந்து (2,524 மீ.) ஓட்டன் சமவெளி நோக்கிச் செல்கிறது. மேற்குக் கரம் சிவனொளிபாதமலை வரையும், கிழக்குக் கரம் அப்புத்தளை ஊடாக நமுனுகுலை வரையும் நீள்கின்றன. அப்புத்தளை இந்த மலைமுகட்டின் மீது அமைந்த நகரமாகும். அங்கு முகட்டின் வடக்கே விழும் மழைநீர் ஊவா வடிநிலத்தின் ஓயாக்கள் வழியாக மகாவலி கங்கையை அடைந்து, கடைசியில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. முகட்டின் தெற்கே விழும் நீர் வளவை கங்கை அல்லது கிரிந்தி ஓயா வழியாகத் தென்கடலைச் சேர்கிறது. ஒரே மழை, ஒரே முகடு. ஆயினும் நீர் சென்றடையும் இடங்கள் நாட்டின் இரு கோடிகள்.

இவ்வாறு இயற்கை பிரித்ததை மனிதன் மாற்றிய உதாரணமும் இங்கேயே உள்ளது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்தில், மகாவலி வடிநிலத்துக்குரிய நீர் மலையின் ஊடாகச் சுரங்கத்தின் வழியே கிரிந்தி ஓயா வடிநிலத்துக்குத் திருப்பப்படுகிறது. அச்சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் நீரூற்றுகளும் வற்றிப்போயின. நிலத்தின் மேல் ஓடும் நீரையே படம் காட்டுகிறது. நிலத்தின் கீழுள்ள நீர் படத்தில் தோன்றாது என்பதை இதிலிருந்து உணர்ந்துகொள்ளுங்கள்.

5. வடிகால் அமைப்புகள்

மலைநாட்டுப் படத்தில் மூன்று அமைப்புகளை அதிகம் எதிர்பார்க்கலாம்.

மரநிகர் வடிகால்: மரக்கிளைகளைப் போல் கிளையாறுகள் பல திசைகளிலிருந்தும் வந்து கூர்ங்கோணத்தில் சேரும். அடியிலுள்ள பாறை ஏறக்குறைய ஒரே தன்மையுடையதாக இருக்கும் இடங்களில் இது விருத்தியடையும்.
ஆரை வடிகால்: ஓர் உயர்ந்த உச்சியிலிருந்து ஆறுகள் சக்கரத்தின் ஆரைகளைப் போல் நாலாபுறமும் பாயும். தனித்த மலையொன்றைச் சுற்றி இதனைக் காணலாம். இலங்கை முழுவதையும் காட்டும் படத்திலும் மத்திய மலைநாட்டை மையமாகக் கொண்டு இவ்வமைப்புத் தெரியும்.
அளியடைப்பு வடிகால்: சமாந்தரமான மலைத்தொடர்களுக்கு இடையே நீளமான ஆறுகளும், அவற்றைச் செங்கோணத்தில் வந்து சேரும் குறுகிய கிளையாறுகளும் காணப்படும். வன்பாறையும் மென்பாறையும் மாறிமாறி அமைந்த இடங்களுக்கு இது உரியது.

விடை எழுதும்போது அமைப்பின் பெயரை மாத்திரம் எழுதி நிறுத்திவிட வேண்டாம். பெயர், படத்தில் காணும் சான்று, அதற்கான காரணம் ஆகிய மூன்றும் அமைந்தாலே விடை நிறைவு பெறும்.

6. கணிப்பு: படித்திறனும் நீர்வீழ்ச்சியும்

உதாரணம்: 1:50,000 படமொன்றில் ஓர் ஆறு 1,560 மீ. சமவுயரக் கோட்டிலுள்ள ‘அ’ என்னும் இடத்திலிருந்து 1,320 மீ. சமவுயரக் கோட்டிலுள்ள ‘ஆ’ என்னும் இடம் வரை பாய்கிறது. படத்தில் ஆற்றின் நீளம் 6 செ.மீ. ஆகும். சராசரிப் படித்திறனைக் காண்க.

உயர வேறுபாடு = 1,560 − 1,320 = 240 மீ.
கிடைத்தூரம் = 6 × 500 மீ. = 3,000 மீ.
படித்திறன் = 240 ÷ 3,000 = 1/12.5, அதாவது 1:12.5

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ‘அ’ இலிருந்து ‘ஆ’ வரை இரு முனைக் கோடுகளையும் சேர்த்து எண்ணினால் 13 கோடுகள் வரும். ஆனால் இடைவெளிகள் 12 மாத்திரமே. 13ஐ 20ஆல் பெருக்கி 260 எனப் பெறுவது பிழையாகும். இயன்றவரை எண்களைக் கழித்தே உயர வேறுபாட்டைப் பெறுங்கள். இரண்டாவது, மேலேயும் கீழேயும் உள்ள அளவுகள் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

இப்போது அதே ஆற்றைச் சற்று உற்று நோக்குவோம். ‘அ’ இலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஆறு 1,440 மீ. கோட்டை வெட்டுகிறது எனக் கொள்வோம். அப்படியாயின் முதல் 2,500 மீற்றரில் ஆறு இறங்குவது 120 மீற்றர். படித்திறன் ஏறக்குறைய 1:21. கடைசி 500 மீற்றரிலும் அது இறங்குவது அதே 120 மீற்றர். படித்திறன் ஏறக்குறைய 1:4. சராசரியை மாத்திரம் பார்த்தவருக்கு இம்மாற்றம் தெரியாது. ஆற்றின் குறுக்கே சமவுயரக் கோடுகள் திடீரென நெருங்கும் இத்தகைய இடத்திலேயே விரைவோட்டத்தையும் நீர்வீழ்ச்சியையும் எதிர்பார்க்க வேண்டும்.

நீர்மின் நிலையங்கள் மலைநாட்டில் அமைந்ததற்கும் இதுவே அடிப்படைக் காரணமாகும். குறுகிய தூரத்தில் அதிக உயர வேறுபாடு, ஆண்டின் பெரும்பகுதியில் கிடைக்கும் மழை, அணைகட்ட ஏற்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஆகியன சேர்ந்திருக்கும் இடங்களைப் படத்திலேயே இனங்காணலாம். களனி கங்கையின் தலையாறுகளான கெகெல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை நீர்த்தேக்கமும் அமைந்துள்ளன. இவற்றின் நீர் கீழே படிப்படியாகப் பல மின்நிலையங்களுக்குப் பயன்படுகிறது. மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு மேலே கட்டப்பட்டதால், அந்நீர்வீழ்ச்சியின் நீரளவு குறைந்தது என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

7. கோடுகளுக்கு நடுவே மனிதர்

மலைநாட்டுப் படத்தில் குடியிருப்பும் நிலப்பயன்பாடும் நிலத்தோற்றத்தைப் பின்பற்றியே அமைகின்றன. முகடுகளில் காடு, சரிவுகளில் தேயிலை, பள்ளத்தாக்கின் அடியில் நெல்வயல் என்ற ஒழுங்கைப் பல படங்களில் காணலாம். வீதிகளும் புகையிரதப் பாதையும் சமவுயரக் கோடுகளை நேராக வெட்டாமல், அவற்றை அணைத்தபடி வளைந்து செல்லும். தெமோதரையில் புகையிரதப் பாதை ஒரு வட்டமிட்டுத் தன் கீழேயே சுரங்கத்தினூடாகக் கடந்து செல்வது, உயர வேறுபாட்டை மென்சாய்வில் கடப்பதற்காகவே ஆகும்.

குடியிருப்பைப் பற்றிய பகுதி சற்று ஆறுதலாக வாசிக்க வேண்டியது. தோட்டப் பகுதிகளில் லயன் குடியிருப்புகள் சிறிய கறுப்புக் கீற்றுகளாகக் காட்டப்பட்டிருக்கும். அக்கீற்றுக்கு மேலேயுள்ள சரிவைப் பாருங்கள். சமவுயரக் கோடுகள் மேல்நோக்கிக் கூராக வளைந்து ஒரு பள்ளத்தைக் காட்டலாம். ஆனால் அதில் நீலக் கோடு இல்லாதிருக்கலாம். ஆண்டு முழுவதும் நீர் ஓடாததால் அது ஆறாகக் குறிக்கப்படவில்லை. எனினும் நிலத்தின் வடிவம் மாறவில்லை. கடும் மழை பெய்யும்போது சுற்றியுள்ள சரிவுகளின் நீர் முழுவதும் அப்பள்ளத்திலேயே திரளும். நீலக் கோடு இல்லாத பள்ளத்தையும் நீர்வழி என்றே வாசிக்கப் பழகுங்கள்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டு லயன் குடியிருப்புகள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஊவாவின் தென்புற ஓங்கலுக்குக் கீழே, குத்தான சரிவு முடிந்து மென்சாய்வு தொடங்கும் பகுதியில் கொஸ்லந்தை, அல்துமுல்லைப் பிரதேசங்கள் அமைந்துள்ளன. குடியிருக்க வசதியாகத் தோன்றும் இந்த மென்சாய்வுகளில் பல, முற்காலச் சரிவுகளில் வந்து குவிந்த மண்ணாலும் கல்லாலும் ஆனவை. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் பல மாவட்டங்களிலும் மண்சரிவுகளால் பேரிழப்புகள் நேர்ந்தன.

இடவிளக்கப்படம் மண்சரிவை முன்கூட்டிச் சொல்லாது. மண்ணின் ஆழம், பாறையின் தன்மை, மழையின் அளவு, வெட்டப்பட்ட சரிவு என்பன படத்தில் இல்லை. 20 மீற்றர் இடைவெளிக்குள் அடங்கிவிடும் சிறு மேடும் பள்ளமும் கூடப் படத்தில் தோன்றாமல் போகலாம். மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரிப்பதும் எச்சரிக்கை விடுப்பதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியாகும். ஆயினும் குத்துச்சாய்வு, நீர் திரளும் பள்ளம், அதன் வாயிலில் குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் படத்தில் கண்டால், அங்கு கவனம் தேவை என்பதை உணரலாம். அத்தகைய இடத்தில் நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்களும் தூண்களும் சரிதல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல், புதிய ஊற்றுத் தோன்றுதல் அல்லது இருந்த ஊற்று மறைதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் அவ்விடத்தை விட்டு விலகி, கிராம அலுவலருக்கு அறிவிக்க வேண்டும்.

8. மாணவர் விடும் பொதுவான பிழைகள்

அ. ஓரங்குலப் படத்தில் அடியை மீற்றரெனக் கருதுதல்.
ஆ. உயரப் பெறுமானத்தை வாசிக்காமல் சுவடு, பள்ளத்தாக்கு எனத் தீர்மானித்தல்.
இ. “ஆறு மேலிருந்து கீழே பாய்கிறது” என எழுதுதல். திசையைக் குறிப்பிடுக: “தென்மேற்கிலிருந்து வடகிழக்காக”.
ஈ. குறுக்குவெட்டுமுகம் வரைந்த பின் நிலைக்குத்து மிகைப்படுத்தலைக் குறிப்பிடாமை. கிடை அளவுத்திட்டம் 1:50,000 ஆகவும், நிலைக்குத்து அளவுத்திட்டம் 1 செ.மீ. = 100 மீ. (1:10,000) ஆகவும் இருப்பின் மிகைப்படுத்தல் 50,000 ÷ 10,000 = 5 மடங்காகும்.
உ. படத்தில் காணாத விடயத்தைப் பாடநூலில் படித்த ஞாபகத்தில் எழுதுதல். “படத்திலிருந்து” என வினவினால் சான்று படத்திலேயே இருக்க வேண்டும்.

9. பயிற்சி வினாக்கள்

1. ஒரு நீரோடையைச் சமவுயரக் கோடுகள் வெட்டும் இடத்தில் அவற்றின் கூர்முனைகள் வடக்கை நோக்குகின்றன. நீரோடை பாயும் திசை யாது?
2. 1:50,000 படத்தில் இரு இடங்களுக்கு இடையிலான தூரம் 4 செ.மீ. அவற்றின் உயரங்கள் 1,400 மீ., 1,200 மீ. படித்திறனைக் காண்க.
3. ஒரு சரிவில் 1,800 மீ. முதல் 1,600 மீ. வரை கோடுகள் மிக நெருங்கியும், அதன் கீழே விலகியும் காணப்படுகின்றன. சாய்வின் வகை யாது? அதன் அடியில் குடியிருப்பு அமைப்பதில் கவனிக்க வேண்டிய இரு விடயங்களைக் குறிப்பிடுக.
4. மலைநாட்டில் நீர்மின் திட்டத்துக்கு ஏற்ற இடத்தைப் படத்தில் இனங்காண உதவும் மூன்று சான்றுகளைத் தருக.

விடைக் குறிப்புகள்

1. கூர்முனை ஆற்றின் மேற்பகுதியைச் சுட்டும். ஆகவே நீரோடை வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது.
2. 200 ÷ 2,000 = 1:10.
3. குழிவுச் சாய்வு. மேலேயுள்ள சரிவில் நீர் திரளும் பள்ளங்கள் உள்ளனவா என்பதும், அடியிலுள்ள மென்சாய்வு பழைய சரிவு மண்ணால் ஆனதா என்பதும்.
4. ஆற்றின் குறுக்கே நெருங்கிய சமவுயரக் கோடுகள், இருபுறமும் குத்துச்சாய்வுள்ள ஒடுங்கிய பள்ளத்தாக்கு, மேற்பகுதியில் பல கிளையாறுகள் சேரும் பரந்த நீரேந்து பிரதேசம்.

வாசித்து முடித்த பின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பாடசாலையில் உங்கள் பிரதேசத்துக்குரிய இடவிளக்கப்படம் இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுப் பெற்று உங்கள் வீட்டை அதில் தேடுங்கள். பின்னர் வீட்டு வாசலில் நின்று, படத்தில் உள்ள முகட்டையும் பள்ளத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு மேலேயுள்ள பீலிக்கு நீர் எந்த மடிப்பிலிருந்து வருகிறது, அது எந்த ஓயாவில் சேர்கிறது, எந்தக் கடலைச் சென்றடைகிறது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அவ்வாறு ஒருமுறை எழுதியவர் பரீட்சை மண்டபத்தில் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தடுமாறமாட்டார்.